ஏரிக்கரைக் காபி

அன்புள்ள அக்தருக்கு,

விடுதி நாட்களுக்குப் பிறகு உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. என் திருமுடிவாக்கம் பட்டறை வழக்கு உன் நீதிமன்றத்துக்கு வந்த அன்றே, நான் உன் நண்பன் என்று இரு தரப்பிடமும் சொன்னாய். யாரும் ஆட்சேபிக்கவில்லை. அன்றோடு என்னிடம் பேசுவதை நிறுத்தினாய். என் மகள் மஹீனின் நிக்காஹுக்கும் வரவில்லை. நீதிபதி என்றால் அப்படித்தான் இருக்கவேண்டும் என்று என் மனைவியிடம் உனக்காக வாதாடினேன்.

நேற்றுக் காலை மாடம்பாக்கம் ஏரிக்கரையில் உன்னைப் பார்த்தேன். பக்கத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் ஸ்ரீநிவாசராகவன். ஒரே ஃபிளாஸ்கிலிருந்து இருவரும் காபி குடித்தீர்கள்.

நீங்கள் போனபின் இளநீர்க்கார அம்மாவிடம் விசாரித்தேன்.

"அவங்களா? டெய்லி ஜோடியாத்தான் வருவாங்க. ஒரே சிரிப்பு. இன்னா சார், உங்கள சேத்துக்கலியா?" என்றாள்.

மழையைப் பற்றித்தான் பேசினோம் என்பாய். இருக்கலாம். மழையைப் பற்றி என்னிடமும் பேசியிருக்கலாமே.

திங்கட்கிழமை தீர்ப்பு. பட்டறை போனால் எனக்கு வேறு பிழைப்பில்லை. வழக்காடுபவன் அனுப்பிய கடிதத்தை நீ மறைக்கமாட்டாய். எல்லோர் முன்னிலையிலும் வாசித்துவிட்டு, வழக்கை வேறு நீதிபதிக்கு மாற்றச் சொல்வாய். அதற்காகத்தான் எழுதுகிறேன். ஏரிக்கரையையும் விடாமல் வாசி.

வழக்கு உன் கையை விட்டுப் போனபின் எங்கள் வீட்டுக்கு வர உனக்குத் தடையில்லை. அப்போதும் வராவிட்டால், நிக்காஹுக்கு நீ வராததற்குக் காரணம் வழக்கு இல்லை என்று புரிந்துகொள்வேன்.

இப்படிக்கு,
உன் பழைய அறைத் தோழன்