இடது பக்கம் இன்னும் பழகவில்லை

8 ஜூன், ஞாயிறு

புது ஸ்பீக்கர் கேபிள் வந்துவிட்டது. விரல் தடிமன். சிங்கப்பெருமாள் கோவிலில் ஆடியோ கடை வைத்திருக்கும் ரஞ்சித்தே வந்து மாட்டிவிட்டு அவசரமாகக் கிளம்பினான். இடது ஸ்பீக்கரில் சத்தம் கொஞ்ச நாளாக மங்கிக் கிடக்கிறது. பழைய ஒயர்தான் காரணம் என்று நினைத்திருந்தேன். மாட்டிய பிறகும் அப்படியே இருக்கிறது. அவனுக்குப் போன் செய்தேன்.

"புது ஒயருண்ணே, பழகணும். நிறுத்தாம பாடிக்கினே கெடக்கட்டும். சத்தம் தானா தொறந்துக்கும்."

10 ஜூன், செவ்வாய்

நாங்கள் இருவரும் ஷிஃப்டுக்குப் போன பிறகும் ஆளில்லாத வீட்டில் நாதஸ்வரம் ஓடுகிறது. என் மனைவி முத்துச்செல்வி கார் ஒயர் செய்யும் கம்பெனியில் டெஸ்டிங்கில் இருக்கிறாள். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஒயரு என்ன புது மாப்பிள்ளையா, பழகுததுக்கு?"

12 ஜூன், வியாழன்

கம்பெனியில் நான் ஓட்டும், தகடு அழுத்தும் பிரஸ்ஸில் டை என்கிற இரும்பு அச்சு விரிசல் விட்டதை இன்று நான்தான் முதலில் பிடித்தேன், சத்தத்தை வைத்தே. காதடைப்பானைக் கழுத்தில் தொங்கவிட்டுத்தான் ஓட்டுவேன் — சத்தம் மாறினால் தெரிய வேண்டாமா? சூப்பர்வைசர் முதுகில் தட்டினார். இப்பேர்ப்பட்ட காதுக்கா ஒயர் பழகியது தெரியாமல் போகும்?

15 ஜூன், ஞாயிறு

செல்விக்குப் புதிதாக ஒரு பழக்கம். சாப்பிடும்போது என் இடப்பக்கம் உட்கார்ந்துகொண்டு முணுமுணுக்கிறாள். சத்தமாகப் பேசு என்றால், "இதுக்கு மேல பேசுனா அடுத்த ஊரு வடக்குப்பட்டுக்கே கேக்கும்" என்கிறாள். எரிச்சலாக இருக்கிறது.

17 ஜூன்

பழகவில்லை.

22 ஜூன், ஞாயிறு

செல்வி பொறுமை இழந்துவிட்டாள். அவர்கள் கம்பெனி லைனில் ஒரு வழக்கம் உண்டு. குறை தெரிந்தால் ஒயரை இடம் மாற்றி மாட்டுவார்கள். குறையும் கூடவே போனால் ஒயரில் கோளாறு. போகாவிட்டால் வேறெங்கோ.

கேபிள்களை மாற்றினாள். இடது பக்கமே மங்கல். ஸ்பீக்கர்களையும் மாற்றி வைத்தாள். அப்போதும் இடதுதான்.

"அப்ப ஆம்ப்ளிஃபையர்" என்றேன்.

"இன்னும் ஒண்ண மாத்தலியே" என்றாள். "நாற்காலியத் திருப்பிப் போட்டு உக்காருங்க."

ஸ்பீக்கர்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன். இதுவரை கணீரென்று இருந்த ஸ்பீக்கர் இப்போது என் இடப்பக்கம். மங்கியது அதுதான். மங்கிக் கிடந்தது நன்றாகப் பாடியது.

என் காதா? எம்புட்டு நாளா? அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. "ஆஸ்பத்திரிக்குப் போவம்" என்று மட்டும் சொன்னாள். பயமாக இருக்கிறது. பிரஸ்ஸிலிருந்து எடுத்துவிட்டால் — எனக்கு வேறென்ன தெரியும்?

25 ஜூன், புதன்

ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். பிரஸ் சத்தத்தில் இடது காதில் போனது திரும்பாதாம். பிரஸ் பக்கம் போகாமல் இருந்தால் வலதைக் காப்பாற்றலாமாம். வரும் வழியில் பைக்கை ஓரம் கட்டி அழுதேன்.

6 ஜூலை, ஞாயிறு

பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். வேலை போகவில்லை. அட்டைப்பெட்டி ஒட்டுவதற்குக் காது எதற்கு? பழைய லைன் வழியாகப் போகும்போது மட்டும் கால் தானாக நிற்கிறது.

காலையில் ரஞ்சித் போன் செய்தான். "இன்னாண்ணே, ஒயரு பழகிச்சா?" வலது காதில் வைத்துக்கொண்டு, பழகிவிட்டது என்றேன். பாவம், அவன் என்ன செய்வான்.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தோம். ஸ்டீரியோ ஓடிக்கொண்டிருந்தது. செல்வி தட்டைத் தூக்கிக்கொண்டு என் வலப்பக்கம் வந்து உட்கார்ந்து, அவள் லைனில் நடந்த சண்டையைச் சொல்ல ஆரம்பித்தாள். ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. நான் எழுந்து போய்ப் பாட்டை நிறுத்திவிட்டு வந்தேன்.