முயல் சொன்ன சகுனம்

அத்தானுக்கு,

ஞாயிற்றுக்கிழமை இருந்தவர்கள்: என்னைப் பிரசவத்துக்கு அழைத்துப்போக வந்த அண்ணன் வாசற்படியில், நீங்கள் பெஞ்சில், நான் கதவுக்குப் பின்னால், அத்தை வெற்றிலை இடிக்கும் உரலோடு முயல் கூண்டை ஒட்டி. அண்ணன் பயணப் பேச்சை எடுத்ததும், பிரெஞ்சு துரை உங்களுக்குக் கொடுத்த அந்தச் சாம்பல் நிறச் சின்சிலா முயல் பின்னங்காலால் பலகையை அறைந்தது. "வாயில்லா ஜீவனே வாணாங்குது, இன்னா அவசரம்?" என்றார் அத்தை. இரண்டாவது தடவையும் அண்ணன் வெறும் வண்டியோடு கரிக்கலாம்பாக்கம் திரும்பினார். நீங்கள் தெருமுனை வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தீர்கள்.

நேற்று அத்தை இல்லாதபோது கூண்டருகே நின்று, "அம்மா வூட்டுக்குப் போறேன்" என்று சொல்லிப் பார்த்தேன். அது பாட்டுக்குப் புல் தின்றது. பிறகு உரலில் இடித்தேன். உடனே அறைந்தது. இடிக்கிற சத்தத்துக்குப் பயப்படுகிறது, அவ்வளவுதான்.

நான் சொன்னால் எதிர்த்துப் பேசுகிறாள் என்பார் அத்தை. நீங்கள் அவர் முன்னால் இடித்துக் காட்டுங்கள்.

அத்தையோடு கோயிலுக்குப் போகிறேன். கத்தரிக்காய்க் குழம்பு அடுப்பு மேட்டில் இருக்கிறது.

அமுதம்

முயலுக்கு ஈரப்புல் போட வேண்டாம்.

இன்னொன்று. எனக்கு ஒன்பதாம் மாதம் நடக்கிறது. இன்னும் தள்ளினால் வண்டி ஆட்டம் தாங்காது. வெள்ளிக்கிழமை வரச்சொல்லி அண்ணனுக்கு எழுதினேன். உங்களைக் கேட்டுவிட்டு எழுதலாம் என்றுதான் இருந்தேன். உறையை ஒட்டித் தபால்காரர் கையில் கொடுத்துவிட்டேன்.