ஒன்பதாவது கட்டம்

அன்பு மகள் குட்டிம்மாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. உடம்பு ஓடிக்கொண்டிருக்கிறது, சர்க்கரை மாத்திரையை மறக்காமல் போட்டுக்கொள்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பேத்திக்கு விழுந்த முன்பல் எட்டிப் பார்த்துவிட்டதா? போன வாரம் அவள் பேசியதில் பாதி காற்றாகவே வந்தது.

கையில் போன் இருக்கும்போது எதற்குத் தபால் என்று நீ கேட்பாய். இத்துடன் வைத்திருக்கும் படிவத்தில் உன் கையெழுத்து மையில் வேண்டும், அது ஒரு காரணம். இன்னொரு காரணம், இதைப் போனில் சொல்ல மூன்று தடவை முயன்றேன். மூன்று தடவையும் பேத்தியின் பல்லைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன்.

நம் வீட்டை வாங்க ஆள் அமைந்துவிட்டது. அந்த அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ், வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறார். இரண்டு பெண் குழந்தைகள். அந்த அம்மா சமையலறை அலமாரியைத் திறந்து உள்ளே தலையை விட்டுப் பார்த்தபோதே முடிந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வாங்காத ஆள் அலமாரியைத் திறப்பதில்லை. முப்பத்தொரு வருஷ வீட்டுத் தரகில் இந்தக் கணக்கு எனக்குத் தப்பியதே இல்லை. உன் அறையைப் பார்த்துவிட்டு, கட்டிலை எந்தப் பக்கம் போடுவது என்று புருஷனும் பெண்டாட்டியும் சண்டைகூட போட்டார்கள்.

அதற்குள் சின்னவள் மொட்டை மாடிக்கு ஓடிவிட்டாள். நான் பின்னாலேயே படியேறி ஓடினேன். என் வயதில் இரண்டு இரண்டு படியாக ஏறினேன் என்றால் நீ நம்பமாட்டாய். அவள் தோட்டத்துப் பக்கத்து மூலையில், கைப்பிடிச் சுவரில் வயிற்றைச் சாய்த்துக்கொண்டு, கீழே நின்ற அவள் அப்பாவைக் கூப்பிட்டுக் கையாட்டிக்கொண்டிருந்தாள். சுவர் இப்போது நன்றாக இருக்கிறது, யானை முட்டினாலும் அசையாது. ஆனாலும் நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நர்ஸம்மா ஓடி வந்து நாடி பிடித்துப் பார்த்துத் தண்ணீர் கொடுத்தார். வெயில்தான் காரணம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தோன்றியது, இனியும் மறைக்கக் கூடாது என்று.

நான் சங்கக் கதை எடுத்தாலே நீ கொட்டாவி விடுவாய். இந்த ஒரு தடவை பொறுத்துக்கொள். உன் அம்மா போன இரண்டாம் வருஷம் என்னை வீடு மனை முகவர் சங்கத்துக்குத் தலைவராக்கினார்கள். மனுஷன் வீட்டில் தனியாக உட்கார்ந்து உருகிப்போகாமல் இருக்கட்டும் என்ற இரக்கம்தான், வேறொன்றும் இல்லை. பதவி என்றால் ஏதோ சிம்மாசனம் என்று நினைக்காதே. ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரு அறை, நாற்பது பிளாஸ்டிக் நாற்காலி, இரண்டு மின்விசிறி, அதில் ஒன்று சுற்றும். ஒருவர் மாட்டிய 'விற்பனைக்கு' போர்டை இன்னொருவர் கிழித்த வழக்கு, ஒரே கஸ்டமரை இரண்டு பேர் கையைப் பிடித்து இழுத்த வழக்கு என்று தினமும் பஞ்சாயத்து. எனக்கு அது வேண்டியிருந்தது. வீட்டுக்கு வரப் பிடிக்காமல் பல நாள் அந்தச் சுற்றாத விசிறிக்குக் கீழேயே உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

அந்தப் பதவியில் நான் உருப்படியாகச் செய்தது ஒன்றே ஒன்று, இந்தப் படிவம். நம் சங்கத்து ஆள் எந்த வீட்டை விற்றாலும், வீட்டின் குறைகளை இதில் எழுதி, வாங்குகிறவர் கையில் முதலிலேயே கொடுத்துவிட வேண்டும். மொத்தம் பதினான்கு கட்டம். எங்கே ஒழுகும், சாக்கடை எங்கே அடைக்கும், பக்கத்து வீட்டோடு எல்லைத் தகராறு உண்டா, எல்லாம். ஒன்பதாவது கட்டம் நானே எழுதிச் சேர்த்தது: 'இந்த வீட்டில் விபத்தோ உயிரிழப்போ நேர்ந்ததுண்டா? நேர்ந்திருந்தால், காரணம் என்ன?'

கூட்டத்தில் ஒரே கூச்சல். நம் செயலாளரை உனக்குத் தெரியுமே, எழுந்து நின்று, "தலைவரே, எங்களை வீட்டை விக்கச் சொல்றீங்களா, வீட்டைப் பத்திக் கோள் சொல்லச் சொல்றீங்களா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நான் மேஜையைத் தட்டி அரை மணி நேரம் பேசினேன். வாங்குகிறவர் பெண்டாட்டி பிள்ளையோடு வந்து படுத்துத் தூங்கப்போகிற இடமய்யா, அவர்களிடமா மறைப்பீர்கள் என்று தொண்டை கட்டும்வரை பேசினேன். கடைசியில் கைதட்டி நிறைவேற்றினார்கள். பத்திரிகையில் படத்தோடு வந்தது. அந்தப் படத்தை உன் ஆபீசில் எல்லோருக்கும் காட்டியதாக நீ சொன்னாயே, அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

போன வருஷம் சங்கத்தில் ஒருவரை ஆறு மாதம் விலக்கி வைத்தேன். 'சோடாபுட்டி' என்று கூப்பிடுவோம், கனத்த கண்ணாடி போட்டிருப்பார், நல்ல மனுஷன். அவர் விற்ற வீட்டில் முன்பு குடியிருந்தவர் ஒருவர் குளியலறையில் மின்சாரம் தாக்கி இறந்திருக்கிறார். இவர் ஒன்பதாவது கட்டத்தில் ஒன்றுமில்லை என்று கோடு போட்டுவிட்டார். எவ்வளவோ கெஞ்சினார், நான் இளகவில்லை. போகும்போது கதவருகே நின்று, "ஒன்பதாவது கட்டத்துக்கு வந்தா எல்லாருக்குமே வேர்க்குது தலைவரே. உங்களுக்கு மட்டும் எப்படி வேர்க்கவே மாட்டேங்குது?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஒன்றும் தெரியாமல்தான் கேட்டார்.

இப்போது நம் வீட்டுக்கே அந்தப் படிவம் வந்திருக்கிறது. வீடு என் பெயரிலும் உன் பெயரிலும் இருப்பதால் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். செயலாளர், "உங்க வீட்டுக்குமா தலைவரே? சும்மா ஒரு கோடு போட்டுக் குடுங்க, நான் சீல் வெச்சிடறேன்" என்றார். போன வெள்ளிக்கிழமை நீயும் அதையேதான் சொன்னாய். "ஒன்பதாவதை விட்டுடுங்கப்பா. கேட்டா அம்மாவுக்குத் தலைசுத்தல்னு எழுதிடுங்க" என்றாய். அதோடு நிறுத்தியிருந்தால் நானும் கோழையாகவே இருந்திருப்பேன். போனை வைக்கும் முன், "காரணம் நான்தானே. அதையுமாப்பா எழுதணும்?" என்றாய்.

குட்டிம்மா, காரணம் நீ இல்லை. நான்.

அந்த வருஷம் அம்மாவின் முழங்கால் வலிக்காக, இந்த வீட்டை விற்றுவிட்டுப் படியில்லாத வீடாகப் பார்க்கலாம் என்று இருந்தோம் அல்லவா? ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க ஆள் வருவதாக இருந்தது. அந்த மூலைச் சுவரில் அடியோடு ஒரு வெடிப்பு. எங்கள் தொழிலில் வெடிப்பைப் பார்த்தால் முதலில் கூப்பிடுவது பெயின்டரைத்தான். கொத்தனாரைக் கூப்பிட்டால் செலவு, நாளும் ஆகும், பார்க்க வருகிறவருக்கும் சந்தேகம் வரும். வெடிப்பில் பட்டி மாவை அடைத்துத் தேய்த்து மேலே பெயின்ட் அடித்துவிட்டால் வேலை முடிந்தது. நூறு வீட்டுக்கு அப்படிச் செய்திருக்கிறேன். அந்தப் பெயின்டர் சுவரைக் கையால் தள்ளிப் பார்த்துவிட்டு, "சார், இது ஆடுது. இடிச்சுட்டுத்தான் கட்டணும்" என்றார். "ஞாயித்துக்கிழமை போகட்டும், முதல்ல பெயின்ட்டை அடிங்க" என்றேன். வியாழக்கிழமை அடித்து முடித்தார்.

அம்மாவிடம் சொல்லவில்லை. அவள் சங்கதி உனக்குத் தெரியாதா? நம் வீட்டு மாடியை வாடகைக்குப் பார்க்க வந்தவர்களிடமே, "மழை வந்தா இந்த மூலையில பாத்திரம் வெக்கணும்" என்று இடத்தைக் காட்டிக்கொடுத்தவள். உனக்கு வாயில் பூட்டே கிடையாதா என்று நான் எத்தனை தடவை கத்தியிருக்கிறேன். சுவர் ஆடுகிறது என்று தெரிந்தால் ஞாயிற்றுக்கிழமை வருகிறவரை வாசலிலேயே நிறுத்திச் சொல்லிவிடுவாள். அதனால் மறைத்தேன். கஸ்டமரிடம் மறைக்க வேண்டியதை உன் அம்மாவிடம் மறைத்தேன்.

சனிக்கிழமை காலையில் நீ கூப்பிட்டாய். வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது என்று அவள் வழக்கம்போல அந்த மூலைக்குப் போனாள். இனி திரும்பி வரப்போவதில்லை, அங்கேயே கல்யாணம் செய்துகொள்கிறேன் என்று நீ சொன்னாய். அவள் கத்தினாள், நீயும் கத்தினாய், போனை வைத்துவிட்டாய். அந்த அதிர்ச்சியில் ரத்தக் கொதிப்பு ஏறித் தலைசுற்றி விழுந்துவிட்டாள் என்றுதான் எட்டு வருஷமாக நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

நீ போனை வைத்த பிறகு அவள் பத்து நிமிஷம் அங்கேயே நின்றாள். நான் கீழே ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மேலேயிருந்து கூப்பிட்டாள். நிமிர்ந்து பார்த்தால் சிரித்துக்கொண்டிருக்கிறாள். "என்னங்க, உங்க பொண்ணு அங்கேயே மாப்பிள்ளை பாத்துட்டாளாம். நமக்கு அலைச்சல் மிச்சம். நான்தான் கூறுகெட்டுப் போய்க் கத்திட்டேன். பாவம், அழுதுக்கிட்டு இருப்பா. அவளுக்கு மறுபடி போன் போட்டுத் தாங்க" என்றாள். வெளிநாட்டு நம்பர் போட அவளுக்குத் தெரியாது அல்லவா, சுவரில் சாய்ந்து போனை என்னிடம் நீட்டிக்கொண்டே சொன்னாள்.

அவள் நின்ற இடத்தை நான் பார்த்தேன். அங்கே சாயாதே என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது. ஏன் என்று கேட்பாளே, நாளைக்கு வருகிறவரிடம் சொல்லிவிடுவாளே என்று புத்தி போயிற்று. "இரு, கை கழுவிட்டு வரேன்" என்றேன். குழாயைத் திறந்தேன். அதற்குள் சத்தம் கேட்டது.

அவள் விழுந்த வேகத்தில் சுவரும் உடைந்துவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன். சுவர் உடைந்ததால்தான் அவள் விழுந்தாள் என்பது எனக்கும் அந்தப் பெயின்டருக்கும் மட்டும் தெரியும். அவர் துக்கத்துக்கு வந்து வாசல் கேட் அருகே நின்று என்னைப் பார்த்தார், உள்ளே வரவில்லை. அதன் பிறகு என் வேலை எதற்கும் அவர் வந்ததில்லை. நீ வந்து சேர இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளில், உன் அம்மாவை ஆஸ்பத்திரிக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, நான் கொத்தனாரை வரவழைத்துச் சுவரைக் கட்டி முடித்தேன். நீ பார்த்தது புதுச் சுவர்.

நீ வந்ததும் என் மேல் விழுந்து, "நான் கத்தினதாலதானாப்பா?" என்று கேட்டாய். நான் வாயைத் திறக்கவில்லை. நீ அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டாய். உன் கல்யாணத்தில் நீ சிரிக்கவில்லை. பிரசவ அறையில்கூட அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டு அழுததாக மாப்பிள்ளை என்னிடம் சொன்னார். அதையெல்லாம் கேட்டுக்கொண்டு நான் உயிரோடுதான் இருந்தேன், சங்கத்தில் உண்மையைப் பற்றிப் பேசிக்கொண்டு.

படிவத்தில் எழுதிவிட்டேன். கட்டம் சின்னது, எழுத்து நெருக்கியடித்துவிட்டது, அதனால் இங்கேயும் எழுதுகிறேன்: 'ஆம். என் மனைவி. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் உடைந்து விழுந்து இறந்தார். சுவர் ஆடியது எனக்குத் தெரியும். பெயின்ட் அடித்து மறைத்தேன்.'

நாளை மறுநாள் நர்ஸம்மாவிடம் இதன் நகலைக் கொடுக்கப் போகிறேன். அவர்கள் வேண்டாம் என்று போனால் போகட்டும். சங்கத்துக்கு ராஜினாமா எழுதி வைத்துவிட்டேன், சோடாபுட்டி வீட்டுக்கும் ஒரு நடை போய் வர வேண்டும். போலீஸ் வந்து கேட்டாலும் இதையே சொல்வேன். வீட்டை விற்றுவிட்டு உங்களோடு வந்து இருக்க எனக்காக நீ தயார்செய்த அறையின் படத்தைத் தினமும் எடுத்துப் பார்க்கிறேன். மேற்கு ஜன்னல், மத்தியானத்துக்கு மேல் வெயில் அடிக்கும் என்று தொழில் புத்தி சொன்னது, ஆனாலும் ஆசையாக இருந்தது. இதைப் படித்த பிறகு அந்த அறையைப் பேத்திக்கே கொடுத்துவிடலாம் என்று உனக்குத் தோன்றினால், அதுதான் நியாயம். நான் வருத்தப்பட மாட்டேன் என்று எழுத நினைத்தேன். வருத்தப்படுவேன், ஆனால் குறை சொல்ல மாட்டேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும், தாயே. வயிறு குலுங்கச் சிரித்து இருக்க வேண்டும். உன் அம்மா உன்மேல் கோபத்தோடு போகவில்லை. உனக்கு மறுபடி போன் போட்டுத் தரச் சொன்னாள். அவள் என்னிடம் கடைசியாகச் சொன்ன வேலை அது, எட்டு வருஷமாக நான் செய்யாமல் வைத்திருந்தேன். இந்தக் கடிதம்தான் அந்தப் போன்.

படிவத்தில் என் கையெழுத்துக்குக் கீழே உனக்கு இடம் விட்டிருக்கிறேன். போட மனமில்லை என்றால் அப்படியே திருப்பி அனுப்பிவிடு. சனிக்கிழமை காலையில், அம்மா உன்னோடு பேசும் நேரத்துக்கு, மாடியில் அந்த மூலையில் போனோடு உட்கார்ந்திருப்பேன். திட்டுவதற்காகவாவது கூப்பிடு.

இப்படிக்கு,
உன் அப்பா