தொட்டியில் நிரம்பிய தண்ணீரின் எடை

ஏட்டி,

போன திங்கட்கிழமை எங்கள் ஆபீஸ் வாசலில் ஒரு தண்ணி லாரி ஒழுக்கிக்கொண்டே போனது. நனைந்த கரிசல் வாசம் ஜன்னல் வழியாக மேசை வரைக்கும் வந்துவிட்டது. மற்றவர்களுக்கு அது மழை வாசம். எனக்கு அப்படியில்லை. எழுந்து ஜன்னலைச் சாத்தினேன், புழுங்கியது, திரும்பத் திறந்தேன். அதற்குள் போன் அடித்தது.

எட்டயபுரம் ரோட்டு மில் மேனேஜர். அன்றைக்கு இருந்த அதே ஆள்தான். கம்பிரசர் காற்றைச் சேர்த்துவைக்க இன்னொரு தொட்டி வைக்கிறார்களாம், கணக்கு நான் போட வேண்டுமாம். செய்து தர, உன் பட்டறையை இப்போது நடத்தும் உன் தம்பியும் கொட்டேஷன் கொடுத்திருக்கிறான். “அந்தப் பட்டறை மட்டும் வேண்டாம் மேடம். அந்தப் பொம்பள வெல்டிங்ல பீம் உக்காந்த கத உங்களுக்குத் தெரியாததா?” என்று சிரித்தார். தெரியாததா! நானும் “ஆமா சார்” என்று சொல்லிவைத்தேன். என் வாயில் மண்ணைத்தான் போட வேண்டும்.

பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே கணக்கைப் போட்டவர்கள் நாம். நான் டிசைன் ஆபீசுக்குப் போனேன். நீ உங்கப்பா பட்டறையில் வெல்டிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டாய். மெல்லிய தகட்டு உருளைக்குள் அழுத்தம் ஏறினால், சுற்றுவாக்கில் தகட்டை இழுக்கும் தகைவு நீளவாக்கில் வருவதைப் போல இரண்டு மடங்கு என்று நான் பக்கம் பக்கமாக எழுதி நிரூபிப்பேன். நீ எட்டிப் பார்த்துவிட்டு, “அவிச்ச சீனிக்கிழங்கு நெடுக்கத்தானட்டி வெடிக்கும், இதுக்கா மூணு பக்கம்?” என்பாய். எரிச்சலாக வரும். ஆனால் நெடுக்கு வெல்டிங்கை மட்டும் உன்னைப் போல யாரும் பார்த்துப் பார்த்துப் போட்டதில்லை.

முதல் தொட்டி வைத்தபோது அந்த மில்லில் தரையில் இடமில்லை. இரண்டு இரும்பு பீம் போட்டு அதன்மேல் தொட்டியை வைக்கச் சொன்னார்கள். தகட்டுக்கும் பீமுக்கும் கணக்கு என்னுடையது, வேலை உன்னுடையது. உன் பட்டறையில் அந்தக் கோடையில் கை கழுவக்கூடத் தண்ணீர் கிடையாது. அதனால் மேலே ஏற்றிய பிறகு அங்கேயே தண்ணீர் நிரப்பி, அழுத்தம் ஏற்றி டெஸ்ட் பண்ணலாம் என்று முடிவு செய்தோம்.

மேனேஜர் குதித்தார். “குடிக்கவே தண்ணி இல்ல, தொட்டியில ஊத்தி விளையாடுதீங்களா? காத்தப் பிடிச்சு, சோப்புத் தண்ணி தடவிப் பாத்தாப் போதாதா?” நம் பக்கத்தில் பாதிப் பேர் அப்படித்தானே செய்கிறார்கள்.

நீ அசையவில்லை. “அண்ணாச்சி, காத்து அமுங்கிக்கிட்டு உக்காந்திருக்கும். தகடு பிளந்தா அம்புட்டும் ஒண்ணாப் பாயும், ஆளு மிஞ்சாது. தண்ணின்னா ஒரு பீச்சு பீச்சிட்டு நின்னுரும். லாரிக்கு நான் சொல்லுதேன்.” எப்போதும்வென்றான் ஊர்ப் பக்கத்துக் கிணற்றிலிருந்து லாரி வந்தது.

குழாயை மாட்டும்போது என்னைத் திரும்பிப் பார்த்தாய். “ஏட்டி, பீமுக்குத் தண்ணி வெயிட்டப் போட்டியா?”

“போட்டாச்சுட்டி. எத்தன தடவ கேப்ப?” என்றேன். நீ கேட்டதே ஒரு தடவைதான்.

காலித் தொட்டி ஒரு டன் சொச்சம். தண்ணீர் நிறைந்தால் இன்னும் ஐந்து டன். காற்றுத் தொட்டிதானே என்று வெறும் தொட்டியின் எடைக்குத்தான் பீம் போட்டிருந்தேன். வாய் “போட்டாச்சு” என்று சொல்லும்போதே உள்ளுக்குள் ஒன்று சுருக்கென்றது. காகிதத்தைப் பிரித்துப் பார்க்க ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா? பிரிக்கவில்லை. மேனேஜர் முன்னால் நீ என்னைக் கேள்வி கேட்டாயே என்ற ரோஷம்.

பீம் பக்கவாட்டில் நூல் இழுத்துக் கட்டி, நூல் மட்டத்துக்குச் சாக்பீஸில் ஒரு கோடு போட்டிருந்தாய். தண்ணீர் பாதி தாண்டியதும் கோடு நூலை விட்டுக் கீழே இறங்கியது. நீதான் பார்த்தாய். “எல்லாரும் வெளிய போங்க!” என்று கத்திவிட்டு, நீ மட்டும் உள்ளே ஓடி அடி வால்வைத் திறந்தாய். தலைக்கு மேலே பீம் முனகியது. அத்தனை தண்ணீரும் கரிசலில் பாய்ந்தது. நீ தொப்பலாக நனைந்து வெளியே வந்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

“யாரு தப்பு?” என்றார் மேனேஜர்.

நான் வாயைத் திறக்குமுன் நீ சொன்னாய்: “தாங்கு பிளேட்டுல என் வெல்டிங் சரியில்ல. பீம மாத்தித் தாரேன்.” எனக்கு அப்போது வேலை நிரந்தரமாகவில்லை. அது உனக்குத் தெரியும். என்னைக் கேட்காமலே, தண்ணீர் எடையும் தாங்கும் பெரிய பீமாக மாற்றிக் கொடுத்தாய். ஆனாலும் “பொம்பள வெல்டிங்” என்ற பேச்சு ஊரெல்லாம் சுற்றியது. மில் வேலை ஒவ்வொன்றாகப் போய், கடைசியில் ஜன்னல் கம்பியும் இரும்புக் கேட்டும் செய்துகொண்டிருந்தாய். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டுத் தொலைத்திருக்கலாம், ஏட்டி.

மஞ்சக்காமாலை முற்றி நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சொல்லிவிடத்தான் வந்தேன். சாத்துக்குடி உரித்துக் கொடுத்தேன், உன் மகள் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டேன், பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்துவிட்டேன். அடுத்த வாரம் நீ இல்லை.

திங்கட்கிழமை போனுக்குப் பிறகு மூன்று நாள் தள்ளிப்போட்டேன். வியாழக்கிழமை முதலில் உன் தம்பியைப் போனில் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். “அக்காவுக்குத் தெரியுமா?” என்று கேட்டான். தெரியும் என்றேன். போனை வைத்துவிட்டான். அப்புறம் நான் கூப்பிட்டாலும் எடுப்பதில்லை.

அன்றைக்கே நேரே மில்லுக்குப் போய், பழைய கணக்குத் தாளை மேனேஜர் முன்னால் விரித்து, விட்டுப்போன இடத்தில் விரலை வைத்தேன். மனுஷன் தலையைப் பிடித்துக்கொண்டார். “நான் எத்தன பேர்ட்ட சொல்லிட்டேன் மேடம்...” என்றார். பிறகு, “இனி உங்க கணக்க நான் எப்படி நம்ப?” என்றார்.

“நம்பாதீங்க. வேற ஆள வச்சுப் போடுங்க. வேலைய மட்டும் அந்தப் பட்டறைக்குக் குடுங்க.”

கொடுத்துவிட்டார். கணக்கு வேறு ஆளுக்குப் போயிற்று. அதில் எனக்கு வருத்தமில்லை.

இன்றைக்கும் எந்தத் தாளை எடுத்தாலும், ஓர் எண் எழுதுமுன் “தண்ணி வெயிட்டப் போட்டியா?” என்ற உன் குரல் கேட்கிறது. மேனேஜருக்குச் சொன்னேன், உன் தம்பிக்குச் சொன்னேன். கேட்டவள் நீ. உனக்குத்தான் இன்னும் பதில் சொல்லவில்லை.

போடலட்டி.