அவன் வாங்கித் தந்த மூன்று பியர்

மார்ச் 9, ஞாயிறு

இடது புருவத்தில் ஆறு தையல். நேற்று மத்தியானம் நோவுயோ அக்கா வீட்டிலேயே நடத்தும் ஷெபீன் மதுக்கடையில் எங்கள் ஊர் புயிசிலே வாங்கித் தந்த மூன்று பியரைக் குடித்துவிட்டு, வீட்டுக்குப் போக எழுந்தேன். "ஏய் சுகிஸ்வா, என் பியரைக் குடிச்சுட்டு எங்கடி கிளம்புற?" பாட்டிலாலேயே அடித்தான்.

நர்ஸ் போலீஸுக்குச் சொல்லட்டுமா என்றாள். "வேணாம், குடிச்ச இடத்துல சண்டை" என்றேன். போன வருஷம் எவனோ என் போனைப் பறித்தபோது ஸ்டேஷனுக்கு ஓடினேனே! அது குற்றம். இது? வழக்கமான சனிக்கிழமை.

மார்ச் 15, சனி

புயிசிலே தன் பக்கத்துப் பெரியவர்கள் இரண்டு பேரோடு எங்கள் வீட்டுக்குப் பிராந்தி பாட்டில் கொண்டுவந்தான். அது வாய் திறப்பதற்கு. அதை வைக்காமல் எங்கள் ம்தான்ட்சானேயில் யாரும் சமாதானம் பேசுவதில்லை. என் மாமா ஊற்றி முதலில் என்னிடம் நீட்டினார். வாங்கிக் குடித்தால் விஷயம் முடிந்தது, பிறகு எவரும் கிளறக் கூடாது. குடித்தேன். "பெரிய மனசும்மா உனக்கு" என்றார்கள். வெட்கக்கேடு, பெருமையாகக்கூட இருந்தது.

ஏப்ரல் 22

ஊசியில் நூல் கோக்கக் கண்ணைச் சுருக்கினால் தழும்பு இழுக்கிறது.

மே 23, வெள்ளி

தையல் ஆலையில் என் பக்கத்து மெஷினுக்குப் புதிதாக வந்த பெண் பெலோகாஸி கேட்டாள்: "அக்கா, புயிசிலே எப்படிப்பட்ட ஆளு? சும்மா சும்மா பியர் வாங்கித் தர்றாரு."

பிராந்தி குடித்து முடித்த விஷயம். கிளறலாமா?

"நல்லவன்தான், கொஞ்சம் கோபக்காரன்" என்றேன். "அப்ப எங்கப்பா மாதிரி!" என்று சிரித்தாள்.

ஜூன் 1, ஞாயிறு

ஐயோ. பெலோகாஸிக்கு வலது கண் போய்விட்டது. அதே ஷெபீன். அவன் தொட்டதும் கையைத் தட்டிவிட்டாளாம் — உடைந்த பாட்டில்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். "அவர் வாங்கித் தந்ததைக் குடிச்சேன்ல, என் தப்புதான் அக்கா."

"இல்லடி! என் புருவத்தைப் பாரு, இதுவும் அவன் வேலைதான்."

மிச்சமிருந்த கண்ணால் பார்த்தாள். "உங்ககிட்டதானே அக்கா கேட்டேன்."

பாவி நான். என்ன வாய் இது? பேச வேண்டிய அன்று பேசவில்லையே.

ஜூன் 2, திங்கள்

ஸ்டேஷனுக்குப் போனேன். வாசல்வரை வந்து மாமா மறித்தார். "பிராந்தியைக் குடிச்சுட்டு இப்ப கேஸா? நம்ம வீட்டு வார்த்தைக்கு என்னடி மரியாதை?"

"அவ கண்ணுக்கு என்ன மரியாதை மாமா?"

உள்ளே போலீஸ்காரர் எழுதுவதை நிறுத்திக் கேட்டார், "நீங்க குடிச்சிருந்தீங்களா?"

"குடிச்சிருந்தேன் சார். அவன் அடிச்சான். ரெண்டையும் எழுதிக்கோங்க."

கையெழுத்துப் போட்டேன்.

ஜூலை 12

மாமா இன்னும் என்னோடு பேசவில்லை.

செப்டம்பர் 4, வியாழன்

கோர்ட்டில் சாட்சி சொன்னேன். மார்ச்சில் நடந்தது, மே மாதம் அவள் கேட்டது, நான் சொன்ன பதில், எல்லாவற்றையும். புயிசிலே தலை குனிந்திருந்தான்.

வெளியே பெஞ்சில் பெலோகாஸியின் அம்மா தனியாக இருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"வந்து சொன்னதுக்கு நன்றிம்மா" என்றார். பிறகு என் பக்கத்திலிருந்து எழுந்துபோய்ச் சுவரோரம் நின்றுகொண்டார்.