நாலாவது நகர்த்தல்

பாலவனத்தம்,
12.06.2024

அன்புள்ள பௌசியா,

போனை எடுக்கமாட்டேன் என்கிறாய், வாட்ஸ்அப்பிலும் பிளாக் செய்துவிட்டாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

செஸ் போட்டியில் நாம் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தால் நான்கு குதிரைகளையும் முதலில் இறக்கும் ஆட்டம், பதினைந்து நகர்த்தலில் டிரா. ஆறு வருஷப் பழக்கம். விருதுநகர் மாவட்டப் போட்டியின் கடைசிச் சுற்றில் அதை நான் மீறினேன், ஒத்துக்கொள்கிறேன். டிரா ஆகியிருந்தால் மாநிலப் போட்டிக்கு நீ போவாய், நான் வீட்டுக்குப் போவேன். மாநிலப் போட்டியில் ஆடிய சான்றிதழ் இல்லாமல் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை கேட்க முடியாது. என் வயது வரம்பு இந்த வருஷத்தோடு சரி. மில்லில் நின்று நின்று கால் வீங்குகிறது, பௌசி.

"ஏண்டி, அந்தப் புள்ளையக் கண்ணுலயே காணோம்?" என்று அம்மா தினமும் கேட்கிறாள். என்ன சொல்ல?

ரேணுகாதேவி

அருப்புக்கோட்டை,
19.06.2024

ரேணுகா,

நீ விதி எதையும் மீறவில்லை. நாலாவது நகர்த்தலில் வழக்கம்போல் மந்திரியைத்தான் வைத்திருப்பாய் என்று நினைத்தேன். ராணிக்கு முன்னாலிருந்த சிப்பாயைத் தள்ளியிருந்தாய். நான் பார்க்கவே இல்லை. பழைய பதிலை வைத்து, கடிகாரத்தையும் அழுத்திவிட்டேன். ஆட்டம் அங்கேயே கையைவிட்டுப் போனது. எதிரே வேறு யார் இருந்திருந்தாலும் பார்த்திருப்பேன்.

எனக்கு ஐந்தாவது இடம்; மாநிலத்துக்கு முதல் நாலு பேர்தான். அந்த வேலை எனக்கும்தான் வேண்டியிருந்தது. "மிஸ், எப்படித் தோத்தீக?" என்று என்னிடம் செஸ் படிக்கிற பிள்ளைகள் கேட்கிறார்கள். காயை அடுக்கச் சொல்லிவிடுகிறேன்.

பௌசியா

பாலவனத்தம்,
24.06.2024

பௌசி,

நான் மாநிலப் போட்டிக்கு வரவில்லை என்று எழுதிக்கொடுத்துவிடுகிறேன். நாலு பேரில் ஒருவர் விலகினால் அடுத்தது நீதான். சரி என்று ஒரு வார்த்தை சொல். யோசித்து யோசித்து அசந்துபோய்விட்டேன்.

ரேணுகா

அருப்புக்கோட்டை,
30.06.2024

ரேணுகா,

விலகாதே. ஜெயித்தது நீ, போய் ஆடு. உன் கால் வீக்கம் எனக்குத் தெரியாததா?

பலகையில் உட்காருமுன், "இன்னைக்கு டிரா இல்லடி" என்று காதில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். விட்டுக்கொடுத்திருக்கமாட்டேன், உயிரைக் கொடுத்து ஆடியிருப்பேன். தோற்றிருந்தாலும் ஒரே பஸ்ஸில் ஏறி, நீ பாலவனத்தத்தில் இறங்குகிற வரைக்கும் உன்னைத் திட்டிக்கொண்டே வந்திருப்பேன்.

இப்போது உன்னைத் திட்டக்கூடத் தோன்றவில்லை. அம்மாவிடம், எனக்கு இங்கே வேலை அதிகம் என்று சொல்லிவிடு.

பௌசியா