ஏரியில் இல்லாத மீன்கள்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுறேன். இங்க நாங்க ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்கோம், என் முழங்கால் ஒண்ணைத் தவிர, அதைப் பத்தி ஆரம்பிச்சா பேப்பர் பத்தாது. நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, சண்டை போட்டாலும் அன்னிக்கே சமாதானமாகி நல்லா இருக்கீங்கன்னு நம்புறேன். மூணு ஞாயித்துக்கிழமையா அப்பா ஏன் போன்ல பேச வரலைன்னு கேட்டிருந்தே. மொத வாரம் குளிக்கிறார்னு சொன்னேன், ரெண்டாவது வாரம் தூங்குறார்னு சொன்னேன், மூணாவது வாரம் பொய் தீந்துபோய் மறுபடியும் குளிக்கிறார்னு சொன்னேன். நீ பயந்துட்டேன்னு உன் குரல்லயே தெரிஞ்சுது. உடம்புக்கு ஒண்ணுமில்ல பாப்பா. உன்கிட்ட பேச வெக்கப்பட்டுக்கிட்டு ஒளியிறார், அவ்வளவுதான். இதைப் போன்ல சொல்ல முடியாது, நான் உன்கூட பேசினா அவர் கதவுக்குப் பின்னாடிதான் நிப்பார். அதான் கடையில உக்காந்து, ஜெராக்ஸ் மிஷின் சூடாகிற நேரத்துல எழுதுறேன். எழுத்து கோணலா இருந்தா மன்னிச்சுக்கோ, டைப் அடிச்சு அடிச்சு கையெழுத்தே மறந்துபோச்சு.

விஷயம் இதுதான். நம்ம ஏரியில தூண்டில் போடறதுக்குப் புது விதிமுறை வரப்போகுதுன்னு மீன்வளத்துறை ஆபீஸ்ல நோட்டீஸ் ஒட்டினாங்க, நம்ம கடைக்கு நேர் எதிர்ல இருக்கே அந்த ஆபீஸ்தான். பிழைப்புக்கு வலை போடறவங்களுக்கு இல்ல, அப்பா மாதிரி பொழுதுபோகத் தூண்டில் போடறவங்களுக்கு மட்டும். வரைவு விதிகள்னு எட்டுப் பக்கம். ஒருத்தருக்கு ஒரு தூண்டில்தான், ஒரு நாளைக்கு ரெண்டு மீன்தான், முப்பது சென்டிமீட்டருக்குக் குறைஞ்சா திரும்பத் தண்ணியில விட்டுடணும், மீன் முட்டையிடற ரெண்டு மாசம் தூண்டிலோட ஏரிப் பக்கமே வரக்கூடாது. பொதுமக்கள் கருத்து சொல்லலாம், மாசக் கடைசியில நூலக ஹால்ல கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கும், அதுக்கு முன்னாடி தூண்டில் போடற ஒவ்வொருத்தரும் போன வருஷம் எத்தனை மீன் பிடிச்சாங்க, சராசரி எடை என்னன்னு படிவத்துல நிரப்பிக் குடுக்கணும்னு கடைசிப் பக்கத்துல போட்டிருந்துது. படிவம் நிரப்ப எல்லாரும் எங்க வருவாங்க, நம்ம கடைக்குத்தான். வினை அங்கதான் ஆரம்பிச்சுது.

மொதல்ல வந்தவர் உனக்குக் கடவாய்ப் பல் பிடுங்கினாரே அந்தப் பல் டாக்டர். எத்தனை மீன்னு கேட்டேன். அறுபதுன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பாக்கல, ஸ்டேப்ளரைப் பாத்தார். வரிசையில பின்னாடி நின்ன எலக்ட்ரீஷியன், அதான் எல்லாரும் ஃபியூஸுன்னு கூப்பிடுவாங்களே, அவர் காதுல அது விழுந்துடுச்சு. ஒரு கையில பல்லைப் பிடுங்கிக்கிட்டே அவர் அறுபது பிடிச்சிருக்கார்னா நான் என்ன சும்மாவான்னு தொண்ணூறு போடச் சொன்னார். அவருக்கு அடுத்தவர் நூத்திப்பத்து. வரிசை நகர நகர மீனும் பெருகிக்கிட்டே போச்சு. நான் டைப் அடிக்கிறவ, கேள்வி கேக்கிறது என் வேலை இல்ல, பிழை இல்லாம அடிக்கிறதுதான் என் வேலை. எல்லாரும் போனதுக்கு அப்புறம் உங்க அப்பா வந்தார். வந்தவர் மேஜை மேல அடுக்கியிருந்த படிவத்தை ஓரக்கண்ணால ஒரு நோட்டம் விட்டுட்டு, தொண்டையைக் கனைச்சுக்கிட்டு, நூத்தி எண்பதுன்னார். சராசரி மூணு கிலோன்னார். என் விரல் அப்படியே அந்தரத்துல நின்னுடுச்சு. நூத்தி எண்பது மீன் வீட்டுக்கு வந்திருந்தா அதையெல்லாம் செதில் சீவி அலசினது யாரு, நான்தானே. வந்தது மாசத்துக்கு ஒண்ணு. அதுவும் கடல் மீன். நல்ல தண்ணி ஏரியில கடல் மீன் எப்படிடா மாட்டுதுன்னு அவர் ரிட்டயர் ஆன இந்த ஆறு வருஷத்துல நான் ஒரு வார்த்தை கேட்டதில்ல. மனுஷன் அதைத் தூக்கிக்கிட்டு வாசல்ல நிக்கிற நிப்பைப் பாத்தா கேக்க மனசு வராது. அதனால நூத்தி எண்பதுன்னே அடிச்சுக் குடுத்தேன்.

கூட்டத்தன்னைக்கு ஹால் நிரம்பி வழிஞ்சுது. யார் யார் என்ன சொல்றாங்கன்னு அப்பப்போ டைப் அடிக்க என்னைத்தான் கூப்பிட்டிருந்தாங்க, அதனால நான் மேடையில ஓரமா ஒரு குட்டி மேஜையில, எல்லாரையும் பாத்த மாதிரி உக்காந்திருந்தேன். வந்திருந்த அதிகாரி ஒரு பொண்ணு, உன் வயசுதான் இருக்கும், பேச்சு மெதுவா ஆனா கறாரா இருந்துது. திரையில ஒரு படம் போட்டாங்க. அறுபத்திநாலு பேர் படிவத்தையும் கூட்டிப் பாத்தா போன வருஷம் நீங்க பிடிச்சது பதினோராயிரம் கிலோ மீன்னு சொன்னாங்க. ஹால்ல பெருமையா ஒரு முணுமுணுப்பு ஓடுச்சு, ரெண்டு பேர் கை தட்டக்கூடச் செஞ்சாங்க. அடுத்த படம் போட்டாங்க. நாங்க ஏரியை ஆய்வு பண்ணினதுல மொத்தமா அதுல இருக்கிறதே நாலாயிரம் கிலோதான்னு சொன்னாங்க. கை தட்டினவங்க கையை மடியில வெச்சுக்கிட்டாங்க. அந்தப் பொண்ணு கிண்டலா சொல்லல பாப்பா, நெஜமாவே கவலைப்பட்டுத்தான் சொல்லுச்சு. இந்த வேகத்துல பிடிச்சா ஏரி காலியாயிடும், அதனால வரைவுல புதுசா ஒரு விதி சேக்கிறோம், ரெண்டு வருஷத்துக்கு இந்த ஏரியில யாரும் தூண்டிலே போடக்கூடாதுன்னு சொல்லிட்டுத் தண்ணி குடிச்சுது.

எனக்குக் கவலை வந்துடுச்சு. மீனுக்காக இல்ல. ரெண்டு வருஷம் உங்க அப்பா வீட்டுலயும் கடையிலயும் என் கண் முன்னாடியே உக்காந்திருப்பார்னு நெனச்சுப் பாத்தேன். போன மழைக்கு ஏரிக்குப் போக முடியாம ஒரு வாரம் கடையில உக்காந்ததுக்கே, பஸ் டிரைவரா இருந்த பழக்கத்துல, வந்தவங்களையெல்லாம் பஸ்ல ஏத்தற மாதிரி உள்ள தள்ளிப் போங்க உள்ள தள்ளிப் போங்கன்னு விரட்டினார், பாதி பேர் பின் கதவு வழியா வெளிய போயிட்டாங்க. ஹால்லயும் எல்லாரும் தவிச்சாங்க. பல் டாக்டர் எந்திரிச்சு, எடை போட்டப்போ மீன் வயித்துல நிறைய தண்ணி இருந்திருக்கும்னார். ஃபியூஸ் எந்திரிச்சு, நான் பிடிச்ச மீனைத் திரும்ப விட்டுடுவேன், அதே மீனே தொண்ணூறு தடவை மாட்டியிருக்கலாம்னார். அந்த மீனுக்கு அவ்வளவு ஞாபகமறதியான்னு அந்தப் பொண்ணு கேட்டுது. நான் எல்லாத்தையும் டைப் அடிச்சுக்கிட்டே இருந்தேன்.

அப்போதான் பின் வரிசையில இருந்து மீன்கடை அக்கா எந்திரிச்சாங்க. ஏரியை மூடினா என் வியாபாரம் படுத்துடும்னு சொன்னாங்க. உங்க கடையில விக்கிறது கடல் மீனாச்சே, ஏரிக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம்னு அதிகாரி கேட்டுது. அதுக்கு அந்த அக்கா, சாயங்காலம் தூண்டிலும் கையுமா வந்து முழு மீனா பாத்து வாங்கிட்டுப் போறவங்கதான் என் பாதி வாடிக்கைன்னும், சில பேர் மீன் வாயில தூண்டில் முள் குத்தின மாதிரி ஒரு ஓட்டையும் போட்டுக் கேப்பாங்கன்னும், அதுக்குன்னே ஒரு கோணி ஊசி வெச்சிருக்கேன்னும் சொன்னாங்க. பெயர் ஒண்ணும் சொல்லல, கண்ணு மட்டும் மேல ஓடற ஃபேனையே பாத்துக்கிட்டு இருந்துது. ஹால்ல இருந்த அறுபத்திநாலு பேரும் அதே ஃபேனைப் பாத்தாங்க.

அப்புறம் மூணாவது வரிசையில ஒரு நாற்காலி கிறீச்சுன்னுது. பாத்தா உங்க அப்பா. காது ரெண்டும் சிவந்திருந்துது. மைக்கைத் தலைகீழாப் பிடிச்சுக்கிட்டு, நான் போட்ட நூத்தி எண்பது பொய், போன வருஷம் நான் பிடிச்சது ரெண்டுன்னார். ரெண்டு கிலோவான்னு அதிகாரி கேட்டுது, இல்லம்மா ரெண்டு மீன், சேந்து ஒரு கிலோகூட வராதுன்னார். அப்புறம் ஏன் தினமும் போறீங்கன்னு அந்தப் பொண்ணு கேட்டுது. கேட்டது கோபமா இல்ல, தெரிஞ்சுக்கத்தான் கேட்டுது. அதுக்கு அப்பா சொன்னதை அப்படியே எழுதறேன், டைப் அடிச்சதே நான்தானே. முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டினேன், எந்நேரமும் யாராவது ஒருத்தர் முதுகுக்குப் பின்னாடி இருந்து எப்ப கிளம்பும் எப்ப கிளம்பும்னு கேட்டுக்கிட்டே இருப்பாங்க, அந்தக் கரையில உக்காந்தா யாரும் கேக்கிறதில்ல, ஆனா மீனே இல்லாம சும்மா உக்காரத்தான் போறேன்னு சொன்னா வீட்டுல ரேஷனுக்குப் போகச் சொல்லிடுவாங்கன்னார். எல்லாரும் சிரிச்சுக்கிட்டே கை தட்டினாங்க. எனக்குச் சிரிப்பும் வந்துது, கண்ணுல தண்ணியும் வந்துது, அடிச்சதுல ரேஷனுக்கு மூணு சுழி ண போட்டுட்டேன்.

அவர் ஒருத்தரா நிக்கிறதைப் பாக்க எனக்குப் பொறுக்கல. நானும் எந்திரிச்சு, அந்தப் படிவத்தை அடிச்சது நான்தான், பொய்னு தெரிஞ்சேதான் அடிச்சேன், கடல் மீன் எது ஏரி மீன் எதுன்னு எனக்கு ஆறு வருஷமாத் தெரியும்னு சொல்லிட்டேன். அப்பா என்னைப் பாத்த பார்வை இருக்கே, எங்களுக்குக் கல்யாணம் ஆனதே அப்போதான் தெரிஞ்ச மாதிரி பாத்தார். தெரிஞ்சுமா சாப்பிட்டேன்னு மைக்குலயே கேட்டார். மீன் நல்லாத்தானே இருந்துதுன்னு சொன்னேன். மீன்கடை அக்கா நன்றின்னாங்க.

அதுக்கப்புறம் நடந்ததுதான் கூத்து. அப்பாவுக்குக் கை தட்டினதைப் பாத்துட்டு ஒவ்வொருத்தரா எந்திரிச்சு உண்மையைச் சொல்ல ஆரம்பிச்சாங்க, ஆனா இந்த ஜனங்களுக்கு எதுலயும் போட்டி போடாம இருக்க முடியாதே. அப்பா ரெண்டுன்னதும் அடுத்தவர் எனக்கு ஒண்ணுதான்னார். அதுக்கு அடுத்தவர் ஒண்ணுமில்லைன்னார். ஃபியூஸ் எனக்கு மீனும் இல்ல, இருந்த தூண்டிலும் தண்ணியோட போச்சுன்னார். பல் டாக்டர் எனக்கு முள்ளுல புழு கோக்கவே அருவருப்பு, வெறும் முள்ளைத்தான் இத்தனை நாளாப் போட்டுக்கிட்டிருக்கேன்னு சொல்லி எல்லாரையும் தோக்கடிச்சார். தயவு பண்ணி இந்தப் பக்கமும் பொய் சொல்லாதீங்கன்னு அதிகாரி கும்பிட்டுக் கேட்டுக்கிச்சு. அங்கயே புதுப் படிவம் குடுத்து, வீட்டு ஆள் ஒருத்தர் சாட்சிக் கையெழுத்து போட்டாத்தான் வாங்குவேன்னு சொல்லிடுச்சு. திரும்பக் கூட்டினா அறுபத்திநாலு பேருக்கும் சேத்து எண்பத்தேழு கிலோ. ரெண்டு வருஷம் மூடற விதியைச் சிவப்புப் பேனாவால அங்கயே அடிச்சுட்டாங்க. மத்த விதியெல்லாம் அப்படியே வந்துடுச்சு, நல்லதுதான், மீனும் குட்டி போட்டுப் பிழைக்கணும் இல்லையா, குட்டி இல்ல முட்டை.

இப்போ உன் விஷயத்துக்கு வர்றேன். நீ ஆபீஸ் மேஜையில ஃப்ரேம் போட்டு வெச்சிருக்கிற போட்டோ, அப்பா ஒரு பெரிய மீனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது, அதுவும் கடை மீன்தான். ஊரே தெரிஞ்சுக்கிட்டது அவருக்குப் பெருசாப் படல. உன் மேலதிகாரி வரைக்கும் அந்தப் போட்டோவைக் காட்டினேன்னு நீ சொன்னதுதான் அவரைக் குடையுது, என் பொண்ணை எங்கயோ ஒரு தேசத்துல பொய் சொல்ல வெச்சுட்டேனேன்னு புலம்புறார். மீன் கடையுதா இருந்தா என்ன, அந்தச் சிரிப்பு உங்களுதுதானேன்னு சமாதானம் சொன்னேன். அதுக்கு அவர், சிரிக்கச் சொன்னதும் அந்த அக்காதான், போட்டோ எடுத்ததே அவங்கன்னார். நான் என்ன பண்றது சொல்லு. நீயே ஒரு போன் போட்டுப் பேசு. மீன் பேச்சை நீயா எடுக்காதே, அவரா எடுத்தா முழுசாக் கேளு, சிரிப்பு வந்தா போனைக் கொஞ்சம் தள்ளி வெச்சுக்கிட்டுச் சிரி.

இன்னொண்ணும் சொல்லிடறேன். போன வியாழக்கிழமை மத்தியானம் கடையில ஆளே இல்ல, கரன்ட்டும் இல்ல, சரின்னு பூட்டிட்டு அப்பாவைப் பாக்க ஏரிக்குப் போனேன். இதைக் கொஞ்சம் பிடின்னு தூண்டிலை என் கையில குடுத்துட்டு அவர் தண்ணி பாட்டிலை எடுக்க சைக்கிள்கிட்ட போனார். அவர் பத்தடி போகல, எவனோ வெடுக்குனு பிடுங்கற மாதிரி இழுத்துச்சு. நான் போட்ட கூச்சல்ல கரையில இருந்தவங்க எல்லாரும் ஓடி வந்துட்டாங்க, யாரோ தண்ணியில விழுந்துட்டாங்கன்னு நெனச்சு ஃபியூஸ் சட்டையைக்கூடக் கழட்டிட்டார். மீன், பாப்பா, உசுரோட, தகதகன்னு, நெஜமான ஏரி மீன். அப்பா தண்ணி பாட்டிலைக் கீழ போட்டுட்டு ஓடி வந்தார். பல் டாக்டர் பையில இருந்து அளவுகோலை எடுத்து வெச்சுப் பாத்தார். இருபத்தொன்பதரை. அரை சென்டிமீட்டர் குறைச்சல். ஒருத்தர் வாயைச் சேத்து அளந்தீங்களான்னார், ஒருத்தர் மூச்சை இழுத்துப் பிடிக்கிறப்போ அளந்தா சரியா இருக்கும்னார். உங்க அப்பாதான், அறுபத்திநாலு பேரும் ஒத்துக்கிட்ட விதி, விட்டுடுன்னு சொன்னார். நானே ரெண்டு கையாலயும் பிடிச்சு விட்டேன். போகும்போது ஒரு தரம் திரும்பக்கூட இல்ல, சர்ருன்னு போயிடுச்சு. கரையில புதுசா வெச்சிருக்கிற மீன் பதிவேட்டுல அதை நான்தான் எழுதினேன், இருபத்தொன்பதரைன்னுதான் எழுதினேன், ஒரு புள்ளிகூடக் கூட்டல. ஆனா உன்கிட்ட மட்டும் சொல்றேன், யார்கிட்டயும் மூச்சு விடாதே, அளக்கும்போது அதோட வால் கொஞ்சம் மடங்கியிருந்துது.

குளிருக்குக் காதை மூடிக்கோ, வெறும் காப்பியைக் குடிச்சுட்டு வேலைக்கு ஓடாதே, மாப்பிள்ளையை ரொம்ப விரட்டாதே. நீங்க ரெண்டு பேரும் நோய்நொடி இல்லாம, மனசு நெறைஞ்சு, பல்லாண்டு நல்லா இருக்கணும். ஞாயித்துக்கிழமை மறக்காம போன் பண்ணு, அவர் குளிக்கமாட்டார், நான் பாத்துக்கிறேன்.

என்றும் உன் நெனப்புலயே இருக்கும்,
அம்மா